அயல்நாட்டு மாணவரும் சட்டமன்றப் பயிற்சியும்

முகவுரை

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து சென்ற மாணவர் ஒருவர், தாம் தங்கியிருக்கும் நாட்டின் சட்டமன்றத்திற் சில திங்கள் அமர்ந்து தொழில் பயில விரும்பின், அதற்கு வழியுண்டோ? உண்டெனின், யாரிடம், எப்பொழுது, எவ்வாறு விண்ணப்பித்தல் வேண்டும்? நம் மாணவர் பலர் மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்லுகின்ற இந்நாளில் இவ்வினாக்கள் ஆராயத் தக்கனவாம். யான் சட்டம் பயில்பவன் அல்லன், தமிழ் பயில்பவன். ஆயினும், என் தமக்கையார் அமெரிக்காவில் இவ்வழியிற் சென்று, முதன்முறை தடையுற்று, மறுமுறை இடம்பெற்றனர். அவர் மின்னஞ்சல் வழியே எழுதிய கடிதங்களை எங்கள் தந்தையார்க்குப் படித்துக் காட்டும் பணி எனக்கு வாய்த்தது. அக்கடிதங்களினின்று அறிந்தவற்றையும், பின்னர் யானே தேடிக் கற்றவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

சட்டமன்றப் பயிற்சி யாது?

சட்டமன்றம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது அங்கத்தினர் எழுந்து பேசும் அவையே. அவ்வவைக்குப் பின்னால் அமைதியாக நிகழும் வேலையோ மிகப் பெரிது. தொகுதி மக்கள் எழுதும் கடிதங்களுக்கு விடையெழுதல், ஒரு மசோதா பழைய சட்டத்தில் எதனை மாற்றுகின்றதென ஒப்புநோக்கல், குழுக்கள் கூடும்போது குறிப்பெடுத்தல், அங்கத்தினர் கேட்கும் புள்ளிகளை நூலகத்திலிருந்து திரட்டித் தருதல் என்பன அவற்றுட் சில. இவ்வேலைகளில் ஓர் இளைஞர் குறித்த காலம் துணைநின்று கற்பதே சட்டமன்றப் பயிற்சி எனப்படும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும். சட்டமியற்றும் உரிமை வேறு. சட்டமியற்றுவோர்க்குத் துணைநிற்கும் பணி வேறு. முன்னையது எந்நாட்டிலும் பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியது. நம் அரசியலமைப்பின் 84-ஆம் பிரிவு, பாராளுமன்றத்தின் அங்கத்தினர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்கின்றது. 326-ஆம் பிரிவு வாக்குரிமையையும் குடிமக்களுக்கே தருகின்றது. பின்னையதாகிய துணைப்பணியில் அயலாரைச் சேர்த்தல் கூடுமா என்பதனை ஒவ்வொரு நாடும் தனக்கு ஏற்றவாறு வகுத்துக்கொள்ளுகின்றது. ஆகலின், அயல்நாட்டு மாணவர் கேட்பது வாக்கன்று, மேசையின் ஓரத்தில் ஓர் இருக்கையே என்பதனை விண்ணப்பிப்பவரும் மறத்தலாகாது.

தரங்கம்பாடியின் பழைய சான்று

தன் நாடு விட்டு அயல்நாடு சென்று, அங்குள்ளார் தொழிலிற் பங்குகொண்ட இளைஞர் நம் ஊர்க்குப் புதியரல்லர். 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், 1714-ல் ஐரோப்பாவிற்குத் திரும்பிச் சென்றபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரைத் தம்முடன் அழைத்துச் சென்றனர். பீட்டர் எனத் திருமுழுக்குப் பெயர் பூண்டிருந்த அவர், சீகன்பால்குவின் தமிழ்ப் பணிக்குத் துணையாகச் சென்று, 1716-ல் அவருடனே மீண்டனர். அவ்வாண்டிலேயே சீகன்பால்குவின் தமிழிலக்கண நூல் இலத்தீன் மொழியில் ஹாலே நகரில் அச்சேறிற்று.

மலையப்பன் சென்றது சட்டமன்றத்திற்கு அன்று. ஆயினும், அவர் செலவு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. அந்நாட்டிற் செல்வமோ, குலமோ, உரிமையோ அவர்க்கு இருந்ததில்லை. அங்கிருந்தோரிடம் இல்லாததும், அவர்க்கு வேண்டியதுமாகிய ஒரு பொருள் மட்டும் அவரிடம் இருந்தது; அது தமிழ். கற்கப் போகின்றவனும் கையில் ஒன்று கொண்டுபோதல் வேண்டும் என்பதற்கு முந்நூறாண்டுகட்கு முற்பட்ட இச்சான்றே போதும்.

இன்னுமொன்று. இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, 1620 முதல் 1845 வரை இவ்வூர் டேனியர் ஆட்சியில் இருந்தது. 1845-ல் அவர்கள் இதனை ஆங்கிலேயர்க்கு விற்றனர். டென்மார்க்கில் மக்களாட்சி அரசியற் சட்டம் பிறந்ததோ 1849 சூன் 5-ஆம் நாள். எனவே, அத்துணை நெடுங்காலம் டேனியர்க்கு வரி செலுத்திய நம் முன்னோர், அந்நாட்டு மன்றம் ஒன்றில் தம் குறையை எடுத்துரைக்கும் வாய்ப்பை ஒருநாளும் பெற்றிலர். அத்தகைய ஊரிற் பிறந்தார் ஒருவர் இன்று ஓர் அயல்நாட்டுச் சட்டமன்றத்தின் வாயிலில் விண்ணப்பத்தோடு நிற்றல் சிறு செய்தியன்று.

மூன்று வாயில்கள்

அயல்நாட்டு மாணவர் கடக்க வேண்டிய வாயில்கள் மூன்று: பயிற்சித் திட்டத்தின் விதி, தங்கும் அனுமதியின் விதி, ஊதியத்தின் விதி. இம்மூன்றும் தனித்தனி. ஒன்றிற் கிடைத்த இசைவு மற்றொன்றிற்குச் செல்லாது. பெரும்பாலோர் இடறுவது இவ்விடத்தேயாம்.

முதலாவது, திட்டத்தின் விதி. சில திட்டங்கள் அயலார்க்கென்றே அமைந்தவை. ஜெர்மனி நாட்டுப் பாராளுமன்றமாகிய புண்டெஸ்டாக் நடத்தும் அனைத்துநாட்டு உதவித்தொகைத் திட்டம் அவற்றுட் சிறந்தது. 1986-ல் தொடங்கிய அத்திட்டத்தில், ஏறத்தாழ 50 நாடுகளைச் சேர்ந்த பட்டதாரிகள் பெர்லின் நகரில் ஐந்து திங்கள் தங்கி, அங்கத்தினரின் அலுவலகத்திற் பணிபயில்கின்றனர். 30 வயதிற்கு உட்பட்டோராயும், ஜெர்மன் மொழியில் நன்கு பேசவும் எழுதவும் வல்லாராயும் இருத்தல் வேண்டும். அன்றியும், திட்டத்தில் இடம்பெற்ற நாடுகளின் குடிமக்களே விண்ணப்பிக்கலாம். ஆதலின், அவ்வாண்டின் பட்டியலில் தம் நாடு உளதா என முதலிற் காண்க.

வேறு சில திட்டங்கள் தம் நாட்டார்க்கு மட்டுமே உரியவை. நம் நாட்டில் பி.ஆர்.எஸ். என்னும் சட்ட ஆராய்ச்சி நிறுவனம் 2010 முதல் நடத்திவரும் 'லாம்ப்' திட்டம், இளம்பட்டதாரிகளைப் பாராளுமன்ற அங்கத்தினரிடம் துணைவராக அமர்த்துகின்றது. அஃது இந்தியக் குடிமக்களுக்கே உரியது. அயல்நாட்டுப் பாராளுமன்றங்களின் அலுவலர்க்கெனத் தனிப் பயிற்சியும் தில்லியில் உண்டு. 1976-ல் தோன்றிய பாராளுமன்றப் பயிற்சிப் பணியகத்தின் வழிவந்த 'பிரைடு' என்னும் நிலையம் அதனை நடத்துகின்றது. ஆயினும் அஃது அலுவலர்க்கன்றி மாணவர்க்கன்று.

இரண்டாவது, தங்கும் அனுமதியின் விதி. அமெரிக்காவில் 'எப்-1' விசாவில் உள்ள மாணவர், கல்லூரிக்கு வெளியே பயிற்சிப் பணி ஏற்க இருவழிகள் பெரிதும் பயன்படும். படிப்பு நடைபெறும்போதே பாடத்தின் பகுதியாகச் செய்வது ஒன்று, அதனைச் 'சி.பி.டி.' என்பர். அதற்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் பயின்றிருத்தல் வேண்டும். உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் மேற்பட்டப் படிப்பாயின் மட்டும் விலக்குண்டு. கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலர் அதற்கு இசைந்து, மாணவரின் 'ஐ-20' என்னும் தாளில் அதனைப் பதிவு செய்த பின்னரே பணி தொடங்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ முழுநேரச் சி.பி.டி. செய்தவர், அதே பட்டநிலையில் 'ஓ.பி.டி.' என்னும் மற்றை வழியை இழப்பர். அவ்வோ.பி.டி. பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் கொள்ளப்படுவது. 12 திங்கள் அளவினது. குடியேற்ற அலுவலகத்தின் அனுமதி அட்டை கைக்கு வருமுன் தொடங்கலாகாதது. இரண்டும் தாம் பயிலும் துறையோடு இயைந்தனவாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்திலோ, பட்டப்படிப்பு மாணவர் பாடகாலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேற்படாமற் பணிசெய்யலாம் என்பது பொதுவிதி. எந்நாட்டிலும் இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியையே கல்லூரி அலுவலரிடம் கேட்டறிக.

மூன்றாவது, ஊதியத்தின் விதி. அமெரிக்கப் பேரவையாகிய காங்கிரஸில் பயிற்சியாளர்க்கு ஊதியம் வழங்கத் தனித்தொகை ஒதுக்கும் வழக்கம் 2018-ல் நிறைவேறிய செலவுச் சட்டத்தால் உறுதிபெற்றது. ஆயினும், அரசுப் பணத்தினின்று அவ்வூதியம் பெறும் தகுதி, பொதுவாகக் குடிமக்களுக்கும் சட்டம் குறிக்கும் வேறு சில வகையினர்க்குமே உண்டு. ஆதலின், படிப்பின் பொருட்டுத் தங்கியிருக்கும் மாணவர் அங்கு ஊதியமின்றியே பயில நேரும். மாநிலச் சட்டமன்றங்கள் 50-க்கும் தனித்தனி வழக்கங்கள் உள. "ஊதியமில்லை, ஆகவே அனுமதியும் வேண்டா" என எண்ணுதல் பெரும் பிழை. ஊதியமில்லாப் பணிக்கும் அனுமதி வேண்டுமோ என்பதனை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

என் தமக்கையார் இடறிய இடம்

நிற்க. இவ்விதிகள் ஏட்டளவில் எளியன போலத் தோன்றும். அவை ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடும்போதுதான் அவற்றின் கூர்மை விளங்கும்.

என் தமக்கையார் பொதுநிர்வாகம் பயிலும் பொருட்டு ஓர் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் மேற்புலத்து மாநிலமொன்றிற்குச் சென்றனர். வீரசோழன் ஆற்றுப் பாசனத்தின் கடைமடையில் எங்கட்குப் பதினைந்து மா நிலம் உண்டு. அதனை ஈடாக வைத்தே வங்கியிற் கல்விக்கடன் பெற்றோம். நவம்பர் மாதத்தில் அவர், அம்மாநிலச் சட்டமன்ற அங்கத்தினர் ஒருவரின் அலுவலகத்திற்குப் பயிற்சிக்கு விண்ணப்பித்தனர். ஜனவரியிற் கூட்டத்தொடர் தொடங்கவிருந்தது. அலுவலகத்தார் தொலைபேசியில் உரையாடி, சிறு உதவித்தொகையும் தருவதாகக் கூறி, கையொப்பமிட்டு வருக என்றனர். எங்கள் இல்லத்தில் அன்று எல்லாரும் மகிழ்ந்தோம்.

கையொப்பமிடும் முன்னாள், தமக்கையார் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலரிடம் சென்று கேட்டனர். அவர் நாட்காட்டியை நோக்கி, "நீர் வந்து ஒரு கல்வியாண்டு நிறையவில்லை. உம் படிப்பில் உடனடிப் பயிற்சியும் கட்டாயமன்று. இப்பணியை ஏற்பின் உம் மாணவர் நிலை கெடும்" என்றனர். சட்டமன்ற அலுவலகத்தாரோ, தமக்கு உதவுவார் தக்கவரா என்று பார்த்தனரேயன்றி, குடியேற்ற விதியைப் பார்த்திலர். அதனைப் பார்ப்பது மாணவரின் கடமையே. மாணவர் நிலை கெட்டால் படிப்பு நின்றுபோம். படிப்பு நின்றாலும் கடன் நில்லாது. பதினைந்து மா நிலமும் அவ்வொரு கையொப்பத்தின்மேல் நின்றது. தமக்கையார் அவ்விடத்தை வேண்டாவென எழுதிவிட்டு, அன்றிரவு எங்களுக்குத் தொலைபேசியில் அதனைச் சொன்னபோது அழுதனர். தந்தையார், "ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், அம்மா. நீ அளந்துதான் போட்டாய்" என்றனர். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் விண்ணப்பம்

மறு ஆண்டு தமக்கையார் வேறு முறையில் தொடங்கினர். முதலில் தம் துறைப் பேராசிரியரிடம் சென்று, சட்டமன்றப் பயிற்சியைப் பாடமாக ஏற்று மதிப்பலகு வழங்க இசைவு பெற்றனர். அடுத்து, கல்லூரி அலுவலரிடம் தேவையான தாள்களையும் நாட்களையும் எழுதி வாங்கினர். அதன் பின்னரே, உழவர் மிகுந்த தொகுதியின் அங்கத்தினர் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் முன்மொழிந்த மசோதாக்களை யெல்லாம் படித்தனர். அவற்றுட் பல நீர்ப்பங்கீட்டைப் பற்றியன.

முதல் விண்ணப்பத்தின் படியும் இரண்டாவதன் படியும் என்னிடம் உள்ளன. முதலாவதில், தமக்கு மக்களாட்சியில் மிக்க ஆர்வம் உண்டென்றும், உழைக்கச் சித்தமாயிருப்பதாகவும் எழுதியிருந்தனர். அதனை யாரும் எழுதலாம். இரண்டாவதில் எழுதியது கடைமடையைப் பற்றி. ஆற்றுநீர் தலைமடையினின்று ஊர் ஊராகக் கடந்து தம் தந்தையின் வயலுக்கு இறுதியிலே வருவதையும், மேலே ஒரு மதகு மூடாது கிடந்தால் கீழே நாற்று கருகுவதையும், முறைவைத்து நீர் பாய்ச்சும் இரவுகளில் உழவர் வாய்க்காற் கரையிற் காத்துக்கிடப்பதையும் சுருங்க எழுதினர். காவிரி நீர்த் தாவா நடுவர்மன்றம் 1990-ல் அமைந்து, 2007-ல் இறுதித் தீர்ப்பளித்ததையும், 2018 பிப்ரவரி 16-ல் உச்சநீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டிற்கு விடவேண்டிய நீராக 177.25 ஆயிரம் கோடி கன அடியை அன்று, அதனில் பத்திலொன்றாகிய 177.25 டி.எம்.சி.யை, அதாவது 17,725 கோடி கன அடியைக் குறித்ததையும் கணக்குப் பிழையின்றி எடுத்துக்காட்டினர். அமெரிக்க மேற்புலத்தில் முன்னர் நீரெடுத்தவர்க்கே முன்னுரிமை என்பது பழஞ்சட்டம். நம் வயற்புறத்திலோ மேல்மடை கீழ்மடை என்பதே வழக்கு. இவ்விரண்டையும் ஒப்புநோக்கி ஓர் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதித் தரத் தம்மால் இயலும் என முடித்தனர். எழுத்து மாதிரியாக, எங்கள் ஊர்க் கிராம சபையில் வாய்க்கால் தூர்வாருதல் பற்றி நிறைவேறிய தீர்மானத்தைத் தமிழினின்று ஆங்கிலத்திற் பெயர்த்து இணைத்தனர்.

நேர்காணலில் அங்கத்தினர் கேட்ட முதற் கேள்வி, "மேல்மடையான் மதகை மூடாவிட்டால் உங்கள் ஊரில் யாரிடம் முறையிடுவீர்கள்?" என்பதாம். பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. இடம் கிடைத்தது. 'ஐ-20' தாளிற் பதிவான நாளுக்கு மறுநாளன்றி அவர் அவ்வலுவலகத்தில் ஒரு கடிதத்தையும் தொட்டிலர்.

அங்கு அவர் பெரிதும் கற்றது மசோதாவை ஒரு பக்கத்திற் சுருக்குதல். இன்றுள்ள சட்டம் யாது, மசோதா எதனை மாற்றும், யார் பயன்பெறுவர், யார் இழப்பர், செலவு எவ்வளவு எனும் ஐந்தும் அப்பக்கத்தில் அடங்குதல் வேண்டும். தம் கருத்து அதிற் புகுதலாகாது. அங்கத்தினரின் அறையிற் கேட்டதை வெளியே கூறலாகாது. தேர்தற் செலவிற்குப் பணம் கொடுத்தல் அயல்நாட்டு மாணவர்க்கு அந்நாட்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. ஆகலின் கட்சி நிதி திரட்டும் இடங்களுக்கு அவர் சென்றிலர்.

விண்ணப்பக் கலை

அயல்நாட்டு மன்றத்திற்கு விண்ணப்பம் எழுதுதல் தமிழ்நாட்டார்க்குப் பழகிய கலையே. கஜுலு இலட்சுமிநரசு செட்டியார் முதலியோர் நிறுவிய சென்னைவாசிகள் சங்கம், 1852-ல் ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு ஒரு மனு விடுத்தது. வரி தண்டுதற்காகக் குடியானவரைத் துன்புறுத்தும் கொடுமையும் அச்சங்கத்தின் முறையீடுகளுள் ஒன்று. அதன் பயனாகப் பாராளுமன்ற அங்கத்தினர் டான்பி சீமோர் 1853-ல் சென்னைக்கு நேரில் வந்து கண்டனர். பின்னர் அமைந்த விசாரணைக் குழு 1855-ல் அளித்த அறிக்கை, அக்கொடுமை உண்மையென ஒப்பியது. வாக்கில்லாத மக்கள் எழுதிய தாள், கடலுக்கு அப்பாலிருந்த மன்றத்தை அசைத்தது; நேரிற் கண்டறியத் தக்க செய்திகளை அது கூறியதே காரணம்.

மாணவர் விண்ணப்பத்திற்கும் இதுவே நெறி. ஆர்வத்தை விரித்துரையாது, தாம் கண்டதையும் செய்ததையும் எழுதுக. அங்கத்தினரின் தொகுதியையும் அவர் சேர்ந்துள்ள குழுக்களையும் அறிந்து எழுதுக. தமக்குள்ள அனுமதி எத்தகையது, எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும், ஊதியம் வேண்டுமோ வேண்டாவோ என்பவற்றை மறையாது முதற்கடிதத்திலேயே கூறுக. கூட்டத்தொடர் தொடங்குதற்குப் பல திங்கள் முன்னரே எழுதுக. மறுமொழி வாராவிடின் வருந்தாது, பிறிதோர் அங்கத்தினர்க்கு அவர்க்கேற்ப வேறாக எழுதுக. ஒரே கடிதத்தைப் பலர்க்கும் விடுத்தல் பயன்தாராது.

முடிவுரை

"தமிழ் பயில்வார்க்குச் சட்டமன்றத்தில் யாது வேலை?" என நம் தோழர் சிலர் வினவலாம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மட்டுமன்று, சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்திலும் இலங்கைப் பாராளுமன்றத்திலும் அங்கத்தினர் தமிழிற் பேசலாம். நம் பாராளுமன்றத்திலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைச் செவ்வனே உரைக்க இயலாத அங்கத்தினர், 120-ஆம் பிரிவின்படி, அவைத் தலைவரின் இசைவு பெற்றுத் தாய்மொழியிற் பேசலாம். பேசுவார் உள்ள இடத்துப் பெயர்ப்பாரும், பதிவாரும், சுருக்குவாரும் வேண்டப்படுவர். மலையப்பன் கொண்டு சென்ற பொருள் இன்றும் விலைபோகும்.

கடல் கடக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் அமைவதன்று. ஆயினும், இப்பயிற்சியின் முதற்பாடத்தை வீட்டு வாயிலிலேயே கற்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நம் ஊர்களிற் கிராம சபை கூடுகின்றது. அங்குச் சென்றமர்ந்து, யார் எதனைக் கேட்டனர், என்ன தீர்மானமாயிற்று, அதற்குச் செலவு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். என் தமக்கையார்க்கு இடந்தேடித் தந்தது அத்தகைய ஒரு பக்கமே. கடந்த கூட்டத்திற்கு யானும் சென்று எழுதினேன். என் பக்கம் மூன்று பக்கமாய் நீண்டுவிட்டது. தமக்கையார் அதனைப் படித்து, "இன்னும் சுருக்கு" என்று விடையனுப்பியுள்ளனர். அடுத்த கூட்டத்திற்கு நம் தோழர் சிலரும் உடன்வரின் மகிழ்வேன்.